அவர் சொன்ன வரியில் பாதி எனக்குப் புரியவில்லை: டியூனிங், ரேஸ் ஆட்களின் பேச்சு

#1 புதுச்சக்கரம்

வணக்கம். கார் பிடிக்கும், ஆனால் கார்க்காரர்கள் பேசுவது பிடிபடாது என்ற ரகம் நான். போன ஞாயிறு ஒரு ரேஸ் டிராக்குக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். பெயின்ட் வெளிறிப்போன பழைய நாலு கதவு வண்டி ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பானெட் திறந்திருந்தது. நானும் போய் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"இது ஸ்லீப்பர் ப்ரோ. ஸ்டேஜ் டூ, 20 பிஎஸ்ஐ, வீல்ல 310. கொஞ்சம் லேக் இருக்கு, ஆனா ஹூக் ஆச்சுன்னா பன்னிரண்டுல ஓடும். போன மாசம் மணி ஷிஃப்ட் போட்டு ராட் விட்டுட்டாரு, இது புது லம்ப்."

நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, "இவ்வளவு பவருக்குப் பன்னிரண்டு நல்ல மைலேஜ்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். அவரும் "ஆமா ஆமா" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததும்தான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. யாராவது அந்த வரியைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

#2 நாலாம்கியர்

தம்பி, அந்த மைலேஜ் பதிலுக்கு ஒரு பெரிய கும்பிடு. அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒவ்வொன்றாகப் போவோம். ஸ்லீப்பர் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: பசுத்தோல் போர்த்திய புலி. வெளியே பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் வண்டி, உள்ளே வேறு கதை. பெரிய ஸ்பாய்லரும் ஸ்டிக்கரும் இருந்தால் அது ஸ்லீப்பர் ஆகாது. சிலர் சக்கரத் தொப்பியைக்கூடக் கழற்ற மாட்டார்கள்.

நிறுவனம் கொடுத்தபடியே இருப்பது ஸ்டாக். இன்ஜினைத் திறக்காமல், ஸ்பானரும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் மாட்டிவிடக்கூடியவை போல்ட்-ஆன்: இன்டேக், எக்ஸாஸ்ட், டவுன்பைப், இன்டர்கூலர். இன்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ் செய்த பிஸ்டனும் ராடும் (பிஸ்டனை இன்ஜின் தண்டோடு இணைக்கும் கம்பி) போட்டால் அதைப் "பில்ட் மோட்டார்" என்பார்கள். "பில்ட்" என்று ஒருவர் சொன்னால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வார், கவனித்துப் பாருங்கள். செலவு ஞாபகம் வந்துவிடும்.

ஸ்டேஜ் டூ. இங்கேதான் ஏமாறுவார்கள். ஸ்டேஜ் என்பதற்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஸ்டேஜ் ஒன்று என்றால் மென்பொருள் மாற்றம் மட்டும். இரண்டு என்றால் டவுன்பைப், இன்டேக், இன்டர்கூலர் மாதிரி சாமான்களும் அதற்கேற்ற மென்பொருளும். மூன்று என்றால் பெரிய டர்போ. ஆனால் ஒருவர் விற்கும் இரண்டு இன்னொருவரின் ஒன்று. துணிக்கடையில் பெரிய சைஸ் என்று சொல்வது போலத்தான். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். "ஸ்டேஜ் டூ" என்று யாராவது சொன்னால், "என்னென்ன மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள்.

#3 கரிப்புகை

20 பிஎஸ்ஐ என் துறை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

எக்ஸாஸ்ட் வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இதுதான் டர்போ. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு தள்ளுகிறது என்பது பூஸ்ட். கடல் மட்டத்தில் வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ இருக்கும். அதற்கு மேல் 20 என்றால் உள்ளே மொத்தம் 34.7, கிட்டத்தட்ட 2.4 மடங்கு. பார் கணக்கில் பேசுகிறவர்கள் இதையே 1.4 பார் என்பார்கள்.

அப்படியானால் பவரும் 2.4 மடங்கா? இல்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பகுதி சுடும். அமுக்கினால் காற்று சூடாகும், சூடான காற்றில் ஆக்சிஜன் நெருக்கம் குறையும். அதனால்தான் நடுவில் அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். தொடர்ந்து அடித்து ஓட்டி இன்டர்கூலரும் அக்கம்பக்கமும் சூடேறி, முதல் ஓட்டத்தில் இருந்த வேகம் நாலாவதில் காணாமல் போவதற்கு "ஹீட் சோக்" என்று பெயர்.

இன்னொன்று. சின்ன டர்போவின் 20 பிஎஸ்ஐயும் பெரிய டர்போவின் 20 பிஎஸ்ஐயும் ஒன்றல்ல. பிஎஸ்ஐ என்பது அழுத்தம், காற்றின் அளவு அல்ல. மெல்லிய குழாயிலும் பருத்த குழாயிலும் ஒரே அழுத்தத்தில் தண்ணீர் வரட்டும், வாளி எதில் சீக்கிரம் நிறையும்? எனவே "நான் 20 ஓட்டுகிறேன், நீ 15தானே" என்ற பேச்சில் சாரமே இல்லை.

அப்புறம் என் பெயர். பெட்ரோலுக்குக் காற்று எடைக்கணக்கில் 14.7க்கு 1 என்றால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். (வெளிக்காற்றின் அழுத்தமும் 14.7 பிஎஸ்ஐ. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, வெறும் தற்செயல். நானே முதல் வருடம் குழம்பியிருக்கிறேன்.) அதைவிடப் பெட்ரோல் கூடினால் "ரிச்", குறைந்தால் "லீன்". பூஸ்ட் ஏறும்போது வேண்டுமென்றே கொஞ்சம் ரிச்சாக வைப்பார்கள், அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது எரிகலனைக் குளிர்விக்கும். மிக அதிகமாகப் போனால் பின்னால் வருகிறவர் முகத்தில் கரி. அழுத்தத்தோடு லீனும் சேர்ந்தால் "நாக்": தீப்பொறி கொளுத்திய தீ பரவி முடிவதற்குள், மிச்சக் கலவை தானாகவே வெடிப்பது. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம் வரும். கேட்ட உடனே காலை எடுக்க வேண்டும். பிஸ்டன் உங்களுக்காகக் காத்திருக்காது.

#4 புதுச்சக்கரம்

அருமை. "சிப் போட்டிருக்கு" என்பார்களே, அதுவும் இந்த மென்பொருள்தானா?

#5 கரிப்புகை

ஆமாம், பழைய சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு காலத்தில் இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த நினைவகச் சிப்பையே பிடுங்கி வேறொன்றைச் செருகுவார்கள். இப்போது வண்டியின் சாக்கெட்டில் வயரைச் சொருகி எழுதிவிடுகிறோம். அது ஃப்ளாஷ் அல்லது ரீமேப். ஈசியூவைத் தொடாமல், அதற்கு வரும் சென்சார் தகவலை நடுவில் மாற்றி ஏமாற்றும் பெட்டி பிக்கிபேக். எனக்குப் பிடிக்காது. கூட இருந்துகொண்டே பொய் சொல்கிறவனோடு எவ்வளவு நாள் குடித்தனம் நடத்த முடியும்?

#6 வளைவுப்பைத்தியம்

லேக் பற்றி யாரும் சொல்லவில்லை. 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே அழுத்தினால் ஒன்றும் வராது, அதற்கு மேல் முதுகில் உதைக்கும். அதுதான் லேக்.

#7 கரிப்புகை

அது லேக் இல்லை நண்பரே. இந்தப் பிழையைத் திருத்தித் திருத்தியே என் தலை நரைத்துவிட்டது.

நீங்கள் சொல்வது பூஸ்ட் த்ரெஷோல்ட். அந்த ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போவைச் சுழற்றப் போதுமான எக்ஸாஸ்டே இல்லை. அரை மணி நேரம் மிதித்துக்கொண்டு இருந்தாலும் முழு பூஸ்ட் வராது. லேக் என்பது வேறு: 4500ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், எக்ஸாஸ்ட் போதுமானது, காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கிறீர்கள், டர்போ வேகம் பிடித்து பூஸ்ட் கொடுக்கும்வரை ஒரு இடைவெளி இருக்கிறதே, அதுதான் லேக். முன்னது ஆர்பிஎம்மில் அளப்பது, பின்னது நொடியில் அளப்பது. டர்போ சுழன்று வேகம் பிடிப்பது ஸ்பூல்.

#8 வளைவுப்பைத்தியம்

பத்து வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று இன்றுதான் தெரிகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ரேலி வண்டிகள் காலை எடுத்தாலும் துப்பாக்கி மாதிரி வெடிப்பது அந்த லேக்கை ஒழிக்கத்தானே?

#9 கரிப்புகை

அதேதான், ஆன்டி-லேக். காலை எடுத்த பிறகும் கொஞ்சம் காற்றையும் பெட்ரோலையும் எக்ஸாஸ்ட் பக்கம் அனுப்பி அங்கேயே எரியவிட்டு, டர்போ நிற்காமல் சுழலும்படி பார்த்துக்கொள்வது. டர்போவின் ஆயுசு அதில் கரையும். தெருவில் "பாப் அண்ட் பேங்" என்று போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அது பெரும்பாலும் சத்தத்துக்கு மட்டும். காலை எடுத்ததும் "ஸ்டுடுடு" என்று புறா குனுகுவது போல வருவது மூன்றாவது ரகம்: மூடிய த்ராட்டிலில் முட்டிய காற்று, போக வழியில்லாமல் டர்போ சக்கரத்தின் ஊடாகவே திரும்பி வரும் சத்தம். அந்தக் காற்றை வெளியே விடுவதற்கான வால்வு புளோ-ஆஃப். அதன் சத்தம் "புஸ்ஸ்" என்று ஒரே பெருமூச்சு.

#10 கால்மைல்

இனி ஹூக், பன்னிரண்டு. பெயரைப் பார்த்தாலே தெரியும், என் பேட்டை.

டிராக் (drag) ரேஸ் என்பது கால் மைல், 402 மீட்டர், நேர்கோடு. "பன்னிரண்டில் ஓடும்" என்றால் அந்த தூரத்தைப் பன்னிரண்டு நொடிச் சொச்சத்தில் முடிக்கும். 12.0ம் 12.9ம் இரண்டும் பன்னிரண்டுதான், வாய்ச்சொல்லில். 12.9 ஓடியவர் "பன்னிரண்டு" என்பார். 12.0 ஓடியவர் "பன்னிரண்டு பூஜ்யம்" என்று பூஜ்யத்தை அழுத்திச் சொல்வார்.

டயர் சுழலாமல் ரோட்டைக் கவ்வினால் ஹூக். சுழன்று புகைந்தால் ஹூக் ஆகவில்லை. ஓடுவதற்கு முன்னால் டயரைச் சுழற்றிப் புகை கிளப்புவது பர்ன்-அவுட், அது பந்தாவுக்கு அல்ல. டயரைச் சூடாக்கிச் சுத்தம் செய்து ஒட்டவைக்க. புறப்படும் இடத்தில் நிற்கும் விளக்குக் கம்பத்துக்குப் பெயர் கிறிஸ்துமஸ் ட்ரீ, 1963ல் வந்தது. மூன்று மஞ்சள், அப்புறம் பச்சை, பிழை செய்தால் சிவப்பு. மஞ்சள்கள் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக வந்தால் ஃபுல் ட்ரீ. மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்து 0.4 நொடியில் பச்சை வந்தால் ப்ரோ ட்ரீ.

இப்போது பலருக்குத் தெரியாத விஷயம். உங்கள் நேரக் கடிகாரம் பச்சை விளக்கில் தொடங்காது. உங்கள் வண்டி கோட்டை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். பச்சை எரிந்த பிறகு தூங்கினால் அந்தத் தூக்கம் ரியாக்‌ஷன் டைமில் போகும், ஓட்ட நேரத்தில் சேராது. அதனால் 12.5 ஓடியவன் 12.3 ஓடியவனைத் தோற்கடிக்கலாம். முன்னவன் சட்டென்று புறப்பட்டிருப்பான். இந்த வெற்றிக்கு ஹோல்ஷாட் என்று பெயர். தோற்றவர் சீட்டைக் காட்டிக் காட்டிப் புலம்புவார், பார்க்கப் பாவமாக இருக்கும்.

அந்தச் சீட்டு டைம் ஸ்லிப். அதில் இரண்டு எண் பாருங்கள். ஒன்று முதல் 60 அடி, சுமார் 18 மீட்டர் நேரம்: புறப்பாடு எப்படி என்று சொல்லும். மற்றது கோட்டைக் கடக்கும்போது இருந்த வேகம், டிராப் ஸ்பீடு: இன்ஜினில் உண்மையில் எவ்வளவு பவர் என்று சொல்லும். மோசமாகப் புறப்பட்டால் நேரம் கெட்டுப்போகும், டிராப் ஸ்பீடு அவ்வளவாகக் கெடாது. வாய் பொய் சொல்லும், டிராப் ஸ்பீடு சொல்லாது.

#11 நாலாம்கியர்

அதையொட்டி "வீலில் 310". இன்ஜின் தண்டில் அளப்பது ஒரு பவர், கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்ற பிறகு சக்கரத்தில் மிஞ்சுவது இன்னொரு பவர். வண்டியை உருளையில் ஏற்றி ஓட்டி அளக்கும் எந்திரம் டைனோ. நிறுவனங்கள் விளம்பரத்தில் போடுவது இன்ஜின் கணக்கு, டியூனிங் ஆட்கள் பேசுவது சக்கரக் கணக்கு. "15 சதவீதம் கூட்டிக்கோ" என்று எல்லோரும் ஒரு வாய்ப்பாடு வைத்திருப்பார்கள், அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

ஒரே வண்டி இரண்டு டைனோவில் இரண்டு எண் காட்டும். ஒன்று தாராளம், ஒன்று கஞ்சம். எனவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே எந்திரத்தில் ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள், மொத்த எண்ணை வைத்து மார்தட்டாதீர்கள்.

குதிரையிலும் இரண்டு குதிரை உண்டு. ஜேம்ஸ் வாட் கணக்கிலான ஹெச்பி 746 வாட். மெட்ரிக் குதிரை, அதாவது பிஎஸ், 735.5 வாட். 280 பிஎஸ் என்பது 276 ஹெச்பி. டார்க் தனி. நியூட்டன் மீட்டரில் வரும் டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட். பவுண்டு-அடிக் கணக்கில் வகுக்கும் எண் 5252. அதனால்தான் அந்த வகை டைனோ தாளில் ஹெச்பி கோடும் டார்க் கோடும் எப்போதும் 5252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொள்ளும். வெட்டாவிட்டால் அச்சுகளின் அளவு வேறு, அல்லது தாளே டுபாக்கூர்.

தம்பி, அவர் 310 என்ன என்று சொன்னாரா? ஹெச்பியா, பிஎஸ்ஸா?

#12 புதுச்சக்கரம்

சொல்லவில்லை அண்ணா. "வீல்ல 310" அவ்வளவுதான். நான் கேட்கவும் இல்லை. மணி ஷிஃப்ட் என்றால்? காசு கொடுத்து கியர் மாற்றுவதா?

#13 நாலாம்கியர்

கிட்டத்தட்ட அதேதான். என் பெயருக்குக் காரணமே அது, சொல்கிறேன்.

எட்டு வருடம் முன்பு. சர்க்யூட்டில் கடைசி வளைவு தாண்டி நீண்ட நேர்கோடு. மூன்றாம் கியரில் 7000 வரை இழுத்தாயிற்று. நாலுக்கு லிவரை நேராகப் பின்னால் இழுத்தால் போதும். எனக்கு முன்னால் போனவரை அந்த நேர்கோட்டிலேயே பிடித்துவிடும் வெறி. கையை இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் இடப்பக்கமாகவே இழுத்துவிட்டேன். லிவர் எங்கேயோ போய் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கிளட்சை விட்டேன்.

நான் தேடிப்போனது நாலு. கிடைத்தது இரண்டு.

கணக்குப் பாருங்கள். என் வண்டியில் இரண்டாம் கியர் விகிதம் 1.95, மூன்றாவது 1.35. வண்டியின் வேகம் அதேதான். 7000ஐ 1.95ஆல் பெருக்கி 1.35ஆல் வகுத்தால் 10,100க்கு மேல். "ரெவ் லிமிட்டர் இருக்கிறதே" என்பீர்கள். லிமிட்டர் பெட்ரோலையோ தீப்பொறியையோ நிறுத்தும். அந்த நொடியில் இன்ஜினைச் சுழற்றியது பெட்ரோல் இல்லை, ரோடு. ஓடுகிற சக்கரங்கள் இன்ஜினைக் கழுத்தைப் பிடித்துச் சுழற்றுகின்றன. ராடின் மீது வரும் இழுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 7000க்கும் 10,100க்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்துக்குத் திரும்பி வராது, திறந்து நின்ற வால்வைப் பிஸ்டன் போய் முட்டும்.

பின்சக்கரம் ஒரு கணம் கீச்சிட்டு வண்டி குறுக்கே ஆடியது. அப்புறம் மண்வெட்டியால் இரும்புக் கதவை அடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, காற்றுச் சத்தம் மட்டும். ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தால் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் என் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பாதி ராட் தெரிந்தது. "ராட் விட்டது" என்றால் அதுதான். இன்ஜின் "கிரனேடு" ஆனது என்றும் சொல்வார்கள்.

லம்ப் என்பது இன்ஜின். அதனால்தான் உங்கள் ஆள் "புது லம்ப்" என்றார். நான் அந்தப் பழைய பிளாக்கை இன்னும் வைத்திருக்கிறேன். குடை நிறுத்த வசதியாக இருக்கிறது.

#14 ஹச்சிரோகு

வந்துட்டேன். எல்லாம் சொன்னீர்கள், ஜேடிஎம் சொல்லவில்லையே. என் வண்டி ஜேடிஎம், ஆனால் சில ரைசர் பசங்க மாதிரி இல்லை.

#15 நாலாம்கியர்

உங்கள் வண்டி எங்கே விற்கப்பட்டது? ஜேடிஎம் என்றால் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த வண்டி. ஜப்பான் பெயர்ப்பலகை இருந்தாலே ஜேடிஎம் ஆகிவிடாது. வேறு நாட்டுக்கென்று செய்து, வேறு நாட்டில் விற்ற வண்டி ஜப்பான் கம்பெனி வண்டி, அவ்வளவுதான்.

அந்தச் சந்தைக்கே உரிய ஒரு வேடிக்கை: 1989லிருந்து 2004வரை ஜப்பான் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு எந்த வண்டிக்கும் 280 பிஎஸ்ஸுக்கு மேல் அறிவிக்கவில்லை. அறிவிக்கவில்லை என்றுதான் சொன்னேன். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் டைனோவில் ஏறியதும் காட்டிய எண் வேறு. தாளில் 280, ரோட்டில் வாயைத் திறக்காத புன்னகை. அந்த ஜிடி-ஆரின் ஆர்32 மாடலுக்குத்தான் ஆஸ்திரேலியர்கள் காட்ஸில்லா என்று பேர் வைத்தார்கள். 1991, 1992 இரண்டு வருடமும் அவர்கள் ஊர்ப் பெரிய ரேஸான பாத்தர்ஸ்ட்டை ஜெயித்தது.

#16 நெறியாளர்

ஹச்சிரோகு, "ரைசர்" பற்றி ஒரு வார்த்தை. அர்த்தம் தெரிய வேண்டும் என்பதால் நீக்கவில்லை. வேகம் எதுவும் கூடாமல் ஸ்பாய்லரும் ஸ்டிக்கரும் மட்டும் ஏற்றிய வண்டியைக் கேலி செய்யும் சொல் அது. ஆனால் அதன் வேர் "அரிசி தின்கிறவர்கள்" என்ற ஏளனம். முதலில் அமெரிக்காவில் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களை மட்டம்தட்டச் சொன்னது, பிறகு கார்களுக்கு வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் போட்டு "அது சுருக்கெழுத்துதான்" என்று சொல்கிறார்களே, அது பின்னால் ஒட்டவைத்த சமாதானம். நாமே சோறு சாப்பிட்டுவிட்டு அந்தச் சொல்லை வைத்து அடுத்தவரைத் திட்டுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

#17 ஹச்சிரோகு

அது இத்தனை நாள் தெரியாது, மன்னிக்கவும். இனி வராது. பரிகாரமாக என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஹச்சி எட்டு, ரோகு ஆறு. டொயோட்டா ஏஇ86க்கு ஜப்பானில் செல்லப்பெயர். எடை குறைவு, பின்சக்கர ஓட்டம், டிரிஃப்டுக்கு ஏற்றது. டோகே என்றால் மலைப்பாதை. ஷாகோடான் என்றால் தரையோடு தாழ்த்திய வண்டி. ஓனிக்யான் "பேய் கேம்பர்", சக்கரம் மேற்புறம் உள்ளே சாய்ந்து, வண்டி கால் அகட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது என் தனிப்பட்ட கருத்து: அழகு, ஆனால் டயரின் உள்விளிம்பில் மட்டும் ஓடும் வண்டியை எனக்குப் பிடிக்கவில்லை.

#18 வளைவுப்பைத்தியம்

வளைவுப் பேச்சு நான் சொல்கிறேன். எல்லாரும் உச்சரிக்கும் அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர் இரண்டையும் புதியவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: தலை கேட்காவிட்டால் அண்டர், வால் முந்தினால் ஓவர். ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள், மூக்கு நேராகவே போகிறது. முன்டயர் பிடி விட்டது, அண்டர்ஸ்டீர். திருப்புகிறீர்கள், பின்பக்கம் வெளியே வந்து உங்களைச் சுற்றப் பார்க்கிறது, ஓவர்ஸ்டீர். அமெரிக்க நாஸ்கார் ஆட்கள் இதையே டைட், லூஸ் என்பார்கள்.

வளைவின் உள்பக்கத்தில் வண்டி மிக நெருங்கித் தொடும் புள்ளி ஏபெக்ஸ். கொஞ்சம் தாமதமாகத் தொட்டால் லேட் ஏபெக்ஸ். உள்ளே மெதுவாகப் போய், வெளியே சீக்கிரம் மிதிக்கலாம். பிரேக்கை ஒரேயடியாக விடாமல் வளைவுக்குள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது ட்ரெயில் பிரேக்கிங். பிரேக் போடும்போது எடை முன்டயர் மேல் சாயும், அழுத்தப்பட்ட டயருக்குப் பிடி கூடும், மூக்கு திரும்பும். நான் இதைக் கற்க இரண்டு வருடம் ஆனது. காலை எடுக்கும் வேகம்தான் வித்தை. ஈரத் துணியைப் பிழிந்து மெல்லக் கையைத் தளர்த்துவது மாதிரி இருக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் எடை பின்னால் குதித்து மூக்கு மறுபடி அடம்பிடிக்கும்.

ஹீல் அண்ட் டோ: வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், அதே பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரில். கியர் இறக்கும்போது இன்ஜின் வேகத்தை ஏற்றிச் சமன் செய்ய. பெயரில் குதிகால் இருந்தாலும் இப்போதைய பெடல்களில் குதிகால் அநேகமாக வேலை செய்வதில்லை.

#19 ரோட்டரிராசா

யாரும் ரோட்டரி இன்ஜின் பற்றிப் பேசவில்லையே! முக்கோண ரோட்டர், பிஸ்டனே கிடையாது, "பிராப் பிராப்" என்று ஐடிலிங். ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போனால் கம்ப்ரஷன் போச்சு. மாஸ்டா 787பி 1991 லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயித்தது நாலு ரோட்டர் இன்ஜினில். அதன் சத்தத்தைக் கேட்டால்...

#20 நாலாம்கியர்

ராசா, இழை டிரிஃப்ட் ஆகிறது. மேலே சொன்ன ஏபெக்ஸும் உங்கள் ஏபெக்ஸ் சீலும் வேறு வேறு என்று புதியவருக்குச் சொன்னதோடு நிறுத்துங்கள். உங்களுக்குத் தனி இழை போடுகிறேன், அங்கே ஒரு லிட்டர் எண்ணெயோடு வாருங்கள்.

#21 வெள்ளைக்கொடி

டிவியில் ஃபார்முலா 1 பார்ப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ரேடியோவில் "பாக்ஸ் பாக்ஸ்" என்றால் பிட்டுக்குள் வா. எதிரிக்கு முன்பே பிட்டுக்கு வந்து, புது டயரின் வேகத்தில் அவரைத் தாண்டப் பார்ப்பது அண்டர்கட். முன்னால் போகும் வண்டி கலக்கிவிட்ட காற்று டர்ட்டி ஏர். அதில் சிக்கினால் வண்டியைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் குறைந்து வளைவில் வழுக்கும். அதே காற்றுதான் நேர்கோட்டில் ஸ்லிப்ஸ்ட்ரீமாக உங்களை இழுத்துப்போகும். வளைவில் எதிரி, நேர்கோட்டில் நண்பன். டயரிலிருந்து உதிர்ந்து ஓடுபாதை ஓரம் சேரும் ரப்பர் உருண்டைகள் மார்பிள்ஸ், அதில் ஏறினால் கோலிக்குண்டில் ஏறியது போலத்தான். பிரேக் பூட்டி டயர் ஒரே இடத்தில் தேய்ந்தால் ஃப்ளாட் ஸ்பாட், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடும்.

நாம் செய்துகொண்டிருப்பதற்கும் பெயர் உண்டு: பெஞ்ச் ரேசிங். உட்கார்ந்த இடத்தில் ரேஸ்.

#22 புதுச்சக்கரம்

நன்றி எல்லோருக்கும். இன்று மறுபடி டிராக்குக்குப் போனேன். அதே வண்டி நின்றது. இந்த முறை வண்டிக்காரரிடமே நேராகக் கேட்டேன்: "டிராப் ஸ்பீடு எவ்வளவு வருது?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. டாஷ்போர்டு பெட்டியிலிருந்து டைம் ஸ்லிப்பை எடுத்துக் காட்டினார். 14.1 நொடி, 158 கிலோமீட்டர். அவரோடு சேர்த்து வண்டி 1350 கிலோ இருக்கும் என்றார்.

கால்மைல் அண்ணா, இது 310க்குச் சரியாக வருகிறதா?

#23 கால்மைல்

வரவில்லை. 1350 கிலோவுக்கு 158 என்றால் என் வாய்ப்பாட்டில் இன்ஜினிலேயே 220 குதிரை அளவுதான். சக்கரத்தில் உண்மையாக 310 இருந்தால் புறப்பாடு எவ்வளவு சொதப்பினாலும் டிராப் 180ஐ ஒட்டி வந்திருக்கும். 60 அடி நேரம் என்ன? பூஸ்ட் எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

#24 கரிப்புகை

கசிவு இருக்க வேண்டியதே இல்லை. சின்ன டர்போ, 20 பிஎஸ்ஐ ஒரு கணம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும் ரகமாக இருந்தால் 220 சரியான எண்தான். அப்படிப்பட்ட வண்டியில் டார்க்தான் பெரிதாகத் தெரியும். டைனோ தாளைக் கேளுங்கள்.

#25 புதுச்சக்கரம்

கேட்டுவிட்டேன், ஃபோனில் படமாக அனுப்பினார். மேலே உள்ள கோட்டின் உச்சியில் 310. பக்கத்தில் சின்ன எழுத்தில் நியூட்டன் மீட்டர். கீழே பவர், சக்கரத்தில் 190.

"அன்னைக்கு உங்க வண்டி பக்கத்துல நின்னவர் வீல்ல 310, பன்னிரண்டுல ஓடும்னு சொன்னாரே" என்றேன். "யாரு அது? அவரை எனக்குத் தெரியாதே. அவரும் உங்கள மாதிரிதான், எட்டிப் பார்த்துட்டு நின்னாரு. நான் தாளைக் காட்டினப்போ எல்லாத்துக்கும் தலையாட்டினாரு" என்றார்.

நாலாம்கியர் அண்ணா, மைலேஜ் என்று நான் சொன்னபோது அவர் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டீர்களே.